ஏரி என்ற அச்சுப்பொறி

படகு கரையை நெருங்கும்போது மணி பதினொன்று. ஆனாலும் வெயில் இல்லை. மூன்று நாளாக, பாலைவனத் தூசியைச் சுமந்துவரும் ஹார்மட்டான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வானமும் வோல்ட்டா ஏரியும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. எப்போதோ மூழ்கிப்போன காட்டின் மரங்கள் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நின்றன. படகோட்டி அவற்றைப் பார்க்காமலே ஒதுங்கி ஓட்டினான்.

செஃபாகோர் கைப்பையை அணைத்தபடி இறங்கினாள். பைக்குள் ஒரு சாவி இருந்தது. இரண்டு மாதமாக அவள் அதைத் தொட்டதில்லை.

ஆக்லாகோபே சிறிய ஊர். கரையிலிருந்து நூறு அடி நடந்தால் மீன் புகைக்கும் அடுப்புகள். அவற்றுக்குப் பின்னால் அப்லா அத்தையின் வீடு. அவளும் அண்ணனும் ஹோ நகரத்தில் நடத்திய அச்சகத்துக்கு அந்த வீட்டின் முன்னறைதான் கிளை அலுவலகம். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உள்தாழ்ப்பாளை உடைத்த போலீசார் போட்டது; சாவியை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

அப்லா அத்தை புகைக்குள்ளிருந்து எழுந்து வந்தாள்.

"வா மகளே. வீட்ல எல்லாரும்?"

"இருக்காங்க அத்தை."

"அம்மா?"

"இருக்காங்க."

"சாப்பிடறாங்களா?"

"கொஞ்சம்."

அத்தை தலையாட்டினாள். பிறகு பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"உங்கண்ணன் இருந்த வரைக்கும் இந்த ஊர்ல செத்தவங்க எல்லாம் அழகாப் போய்ச் சேர்ந்தாங்க. கோணமூக்கன் டோவி கூடப் போஸ்டர்ல மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவன் பொண்டாட்டி என்கிட்ட கேக்கறா, இது யாரு, நான் இவரோடவா முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினேன்னு."

செஃபாகோர் சிரிக்க முயன்றாள். முகம் அசையவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அத்தை. குரல் தாழ்ந்திருந்தது. "திங்கக்கிழமை உள்ள பேப்பர் வர்ற சத்தம் கேட்டுச்சு. மூணு தடவை."

"அது நான்தான் அத்தை. ஹோவுல இருந்து அனுப்பினது தப்பா இங்க வந்துருச்சு."

"ம்." அத்தை கையிலிருந்த விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. அதுவும் நீதானா?"

செஃபாகோர் கைப்பைக்குள் சாவியைத் தேடினாள்.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதமாகவே அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடையைப்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அண்ணன் எலிகெமும் அவளும் சேர்ந்து நடத்திய தொழில் அது. ஹோ நகரத்தில் அச்சகம். ஏரிக்கு அக்கரையில் இந்தக் கிளை. செய்வது பெரும்பாலும் சாவுச் சுவரொட்டிகள். எழுபது தாண்டிப் போனவருக்கு 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்' என்று தலைப்பு போடுவார்கள். இளவயதில் போனவருக்கு 'என்ன ஓர் அதிர்ச்சி'.

இரண்டு ஊர்க் கணினிகளையும் எலிகெம்தான் வி.பி.என். மூலம் இணைத்தான். இணையத்துக்குள்ளேயே ஒரு தனிக் குழாய் போட்டதுபோல. அங்கே இருக்கும் படங்களை இங்கே திறக்கலாம். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே அச்சாகும். இரண்டு அச்சுப்பொறிகளுக்கும் அவனே பெயர் வைத்தான். அங்கிருப்பது 'ஹோ'. இங்கிருப்பது 'ஏரி'.

அச்சகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. மாதிரித் தாளைப் பார்த்து ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு சுவரொட்டியும் அச்சேறாது. எலிகெம் பார்த்தால் தாளின் கீழ் வலது மூலையை மடிப்பான். பார்த்துவிட்டேன், இன்னும் சரியில்லை என்று அதற்கு அர்த்தம். பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவான். எல்லாம் சரியானபின் மூலையைப் பிரித்து அங்கே ஒரு டிக் போடுவான்.

டிசம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை. கிளையிலிருந்து எலிகெம் அனுப்பிய சுவரொட்டியில் இடப்பக்கம் முழுக்கத் தாறுமாறாக இருந்தது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாடிக்கையாளர் எதிரிலேயே அவள் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"இடது பக்கம் என்னமோ சரியாத் தெரியல செஃபா."

"தெரியலன்னா கண்ணாடி போடு. குடிச்சியா?"

அவன் வைத்துவிட்டான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

மறுநாள் சனிக்கிழமை அச்சகத்தில் அவள் மட்டும் இருந்தாள். 'ஹோ' பொறியின் தட்டில் முந்தின மாலையிலிருந்து வந்த தாள்கள் கிடந்தன. வெற்றுத் தாள்கள். சிலவற்றில் மட்டும் வலது ஓரத்தில் சிதறிய எழுத்துகள் இரண்டு மூன்று. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. அண்ணன் கோபத்தில் விளையாடுகிறான் என்று நினைத்தாள். மொத்தம் பத்துத் தாள். பத்தையும் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கணினியில் உட்கார்ந்து, அக்கரையிலிருந்து எதுவும் வராதபடி 'ஹோ' பொறியின் பகிர்வை நீக்கினாள். அப்போது மணி பத்து இருபது.

அவனை அவள் கூப்பிடவில்லை. தப்பு செய்தவன் அவன்தானே, அவனே கூப்பிடட்டும் என்று இருந்தாள்.

அந்த வார இறுதியில் அப்லா அத்தை பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போயிருந்தாள். எலிகெம் வடிவமைத்த சுவரொட்டிதான் அந்தச் சாவுக்கும். திங்கட்கிழமை திரும்பியவள் கதவைத் தட்டினாள். பிறகு போலீசாரை அழைத்தாள்.

மூளையில் ரத்தக்கசிவு. மேசைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தான். தொலைபேசி எதிர்ச்சுவர் அலமாரியில் இருந்தது. கைக்கு எட்டிய விசைப்பலகையை மட்டும் கம்பியோடு கீழே இழுத்திருந்தான். வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் உயிர் போயிருக்கலாம் என்றார் மருத்துவர்.

குடும்பத்தில் சித்தப்பாதான் கேட்டார். "கடைசியா எப்பம்மா பேசினான்?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமைன்னே வச்சுக்குவோம்."

அவள் தலையாட்டினாள். கூடையில் போட்ட தாள்களைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதமாக உடல் மருத்துவமனைக் குளிர் அறையில் இருந்தது. வரும் சனிக்கிழமை அடக்கம். அண்ணனின் சுவரொட்டியை அவளே செய்யவேண்டும் என்றார் அம்மா. அந்தப் பழைய சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, இந்தத் திங்கட்கிழமை அதே கணினியில் போய் உட்கார்ந்தாள். மூன்று முறை மாதிரி அச்சிட்டாள். ஒன்றும் வரவில்லை. அன்று அவள் 'ஹோ'வை நீக்கியதும் கணினி தானாகவே 'ஏரி'யைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று தாளும் ஏரிக்கு அக்கரையில், பூட்டிய அறைக்குள் விழுந்திருந்தன.

நல்ல புகைப்படமும் இங்கேதான் இருந்தது. எப்படியும் வந்தாகவேண்டும். வந்துவிட்டாள்.

சாவி உடனே திரும்பியது.

அறையில் மீன் புகையின் வாடை. அதற்கு அடியில் பினாயில் வாடை. ஜன்னல் இடுக்குகள் வழியே வந்த ஹார்மட்டான் தூசி தரையில், நாற்காலியில், அலமாரியில் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. கூரையில் சூரியத் தகடு இருந்ததால் கணினி அணையவே இல்லை. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தரைத் தூசியில் ஒரு காலடி இல்லை.

அச்சுப்பொறியின் தட்டைப் பார்த்தாள். காலி.

மூன்று தாள்களும் மேசைமேல் இருந்தன. ஓரம் ஓரத்தோடு பொருந்த அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் மட்டும் தூசி இல்லை.

மூன்றிலும் கீழ் வலது மூலை மடிந்திருந்தது.

முதல் தாளில், மறைந்த நாள் என்ற இடத்தில் இருந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இரண்டாவதில் அதன்மேல் கோடு. மூன்றாவதில் கோட்டுக்குப் பக்கத்தில் நடுங்கிய கையால் எழுதப்பட்டிருந்தது.

ஞாயிறு. டிசம்பர் ஏழு. மாலை.

இடப்பக்கம் ஒரு குறிகூட இல்லை. அங்கே அடக்கம் நடக்கும் தேவாலயத்தின் பெயரை அவள் தவறாகப் போட்டிருந்தாள். அது அப்படியே இருந்தது. எலிகெம் அப்படி விடுகிறவன் அல்ல.

இன்னும் அவனுக்கு இடப்பக்கம் தெரியவில்லை.

அவள் நாற்காலித் தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓடவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்த வேலையைச் செய்வோம் என்று மட்டும் தோன்றியது. ஹோவில் இருந்த யாய்ராவைக் கூப்பிட்டாள். அச்சகத்தில் பொறி ஓட்டும் பெண் அவள்.

"யாய்ரா, அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல 'ஹோ' பிரிண்டரை மறுபடி ஷேர்ல போடு. போட்டோவை இங்க வச்சே சேர்த்து அனுப்பிடறேன்."

"சரிக்கா. அங்க எப்படி இருக்கு? பேய் கீய் ஏதாவது காப்பி போட்டுக் குடுத்துச்சா?" கேட்டுவிட்டு யாய்ரா நாக்கைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. "மன்னிச்சிருக்கா. வாய் தவறிருச்சு."

"போடு."

விசைகள் தட்டும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. "போட்டாச்சு."

எலிகெமின் திரையில் ஒரு சிறிய கட்டம் தானாகத் திறந்தது. 'ஹோ' பொறிக்காகக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல். அப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முப்பத்தொன்று காத்திருந்தன.

முதலாவது, சனிக்கிழமை, பத்து நாற்பது. அவள் பகிர்வை நீக்கிய இருபதாவது நிமிடம். அடுத்தது பதினொன்று பத்து. பிறகு மணிக்கு ஒன்று. சில மணிகளில் இரண்டு, சில மணிகளில் ஒன்றுமில்லை. கடைசியாக, ஞாயிறு, மாலை நாலு ஐம்பது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மேலிருந்து ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது.

"அக்கா, பேப்பர் வருது," என்றாள் யாய்ரா. "அதுக்குள்ள அனுப்பிட்டியா?"

"இல்ல."

"வெத்துத் தாளா வருதுக்கா. இதோ இன்னொண்ணு. எல்லாம் வெத்து. ஓரத்துல ரெண்டு எழுத்து..."

தொலைபேசியில் அச்சுப்பொறியின் சத்தம் தொடர்ந்தது. மாதிரித் தாள் எல்லாவற்றிலும் மேல் விளிம்பில் அனுப்பிய நாளும் நேரமும் பதிவாகும். அதையும் எலிகெம்தான் அமைத்திருந்தான்.

"அக்கா." யாய்ராவின் குரல் மாறியிருந்தது. "இதுல சனிக்கிழமைன்னு இருக்கு. டிசம்பர் ஆறு."

"ம்."

"இது ஞாயித்துக்கிழமை. காலைல. அக்கா, அண்ணன் வெள்ளிக்கிழமையே போயிட்டாருன்னுதானே..."

தொலைபேசியில் தாள்கள் விழுந்துகொண்டே இருந்தன.

கடைசியில் கிசுகிசுப்பாகக் கேட்டாள். "அன்னைக்கு இந்த ஷேரை நிறுத்தினது யாருக்கா?"

செஃபாகோர் மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு ஆள் படுக்கும் அகலம்.

"நான்தான்."

யாய்ரா தொடர்பைத் துண்டித்தாள்.

பட்டியல் காலியாகியிருந்தது.

அவள் சுவரொட்டியைத் திறந்தாள். வெள்ளியை அழித்து ஞாயிறு என்று போட்டாள். தேவாலயத்தின் பெயரைத் திருத்தினாள். அண்ணன் சிரிக்கும் படத்தை நடுவில் வைத்தாள். எல்லாம் கை செய்தது. பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிறு என்றாள்.

"யாரு சொன்னா?"

சொன்னாள். சண்டை, பத்துத் தாள், கூடை, பத்து இருபது, முப்பத்தொன்று. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள்.

"ரெண்டு நாள்," என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா."

"உங்கம்மாகிட்ட நான் சொல்றேன். நீ சொல்லாத." பிறகு, "போஸ்டர்ல துக்கம் காக்கறவங்க பட்டியல்ல உன் பேரு இருக்கா?"

"இருக்கு. அம்மா பேருக்கு அடுத்து."

"எடுத்துரு."

எடுத்தாள். கீழே இருந்த பெயர்கள் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டன. இடைவெளி எதுவும் தெரியவில்லை.

மாதிரி ஒன்றை 'ஏரி'யில் அச்சிட்டாள். தாள் தட்டையாக, வெதுவெதுப்பாக வந்தது. அதை மேசையில் வைத்தாள். சிவப்புப் பென்சிலை அதன் வலப்பக்கம் வைத்தாள். வெளியே போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து பார்க்கலாம். நாற்காலி இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருக்கலாம்.

காத்திருக்க அவளால் முடியவில்லை.

பென்சிலை எடுத்து, கீழ் வலது மூலையில் அவன் போடவேண்டிய டிக்கை அவளே போட்டாள். சுவரொட்டியை ஹோவுக்கு அனுப்பினாள். கணினியை அணைத்தாள். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினாள். கணினியையும் அச்சுப்பொறியையும் பெட்டிகளில் வைத்துக் கட்டினாள்.

அப்லா அத்தை தட்டில் அக்ப்ளே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வாசலில் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"யாரோட பேசிட்டிருந்த?"

"போன்ல அத்தை."

"போன்ல பேசினது கேட்டுச்சு. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரோடயும் பேசல."

அத்தை தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊர் திரண்டிருந்தது. பந்தலில் ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. தெருவின் இரண்டு பக்கச் சுவர்களிலும் எலிகெம் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன ஓர் அதிர்ச்சி. மறைந்த நாள் ஞாயிறு. அம்மா செஃபாகோரைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்ப்பதுபோல் பார்வையை நகர்த்திக்கொண்டார். செஃபாகோர் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்கள்.

திங்கட்கிழமை அச்சகம் திறந்தது. யாய்ரா வந்திருந்தாள். இரண்டு பேரும் கொஞ்சமாகப் பேசிக்கொண்டார்கள். ஏரியிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் பின்னறையில் கயிறுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. வி.பி.என். இணைப்பை முந்தின நாளே அவள் நீக்கியிருந்தாள். அக்கரையில் இப்போது எதுவும் இல்லை.

பத்து இருபதுக்கு 'ஹோ' விழித்துக்கொண்டது.

உள்ளே உருளை சுற்றும் சத்தம். ஒரு தாள் வெளியே வந்தது.

வெற்றுத் தாள். மேல் விளிம்பில் அன்றைய தேதி. பத்து இருபது. அனுப்பிய இடம்: ஏரி.

யாய்ரா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கை மின்பொத்தானுக்கு அருகே போயிருந்தது.

"அக்கா," என்றாள் கிசுகிசுப்பாக. "நிறுத்திரவா?"

"வேண்டாம்."

இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. அன்றுபோல மணிக்கு ஒன்றாக இல்லை. இடைவெளியே இல்லாமல், அவசரமாக. மதியத்துக்குள் யாய்ரா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செஃபாகோர் ஒவ்வொரு தாளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றையும் கசக்கவில்லை. ஓரம் ஓரத்தோடு பொருந்த அடுக்கினாள்.

ஒரு மணிக்குத் தாள் தீர்ந்துபோய்ச் சிவப்பு விளக்கு மின்னியது. அச்சகம் முழுக்க அமைதியானது. அவள் விரும்பினால் அது அப்படியே இருக்கும்.

அவள் ஒரு புதுக் கட்டை எடுத்து உறையைக் கிழித்தாள். தாள்களை விசிறிபோல் விரித்து, தட்டி, தட்டில் வைத்து மூடினாள்.

உருளை சுற்றியது.

வந்த தாள் வெதுவெதுப்பாக இருந்தது. கீழ் வலது மூலை மடிந்திருந்தது.

நகத்தால் அதைப் பிரித்துப் பார்த்தாள். டிக் இல்லை.